செல்வி ரயிலிலேயே போகிறாள்

11-1-1983, செவ்வாய்

அஸ்ஸாமுக்குக் கபடி ஆடப்போகும் தமிழ்நாட்டுப் பெண்கள் அணியில் என் தங்கை செல்வியும் இருக்கிறாள். கூடப்போகும் அதிகாரிகளுக்கு விமானம். ஆடுகிற பெண்களுக்கு ரிசர்வேஷன் இல்லாத ரயில், ராத்திரி பகலாக. நினைத்தாலே பற்றிக்கொண்டு வருகிறது. அதனால்தான் ரைஸ்மில் அண்ணாச்சி அவளுக்கு மட்டும் பிளேன் டிக்கெட் எடுத்துத் தருகிறேன் என்றதும் நானே அவளை வற்புறுத்தினேன்.

"ஏட்டி, கக்கூஸ் வாசல்ல உக்காந்து போனா காலு வீங்கிரும். முத ஆட்டத்துலயே வெளிய வச்சிருவானுவ."

"எதிராளி பாடிட்டு வரும்போது நாங்க கைகோத்துல்லா நிக்கோம்? பக்கத்துல நிக்கவ எப்பப் பாய்வா, எப்பப் பயப்படுவான்னு எனக்குத் தெரியணும். எல்லாவளும் வேற வேற ஊரு. ஒருத்தி மேல ஒருத்தி சாஞ்சு தூங்கிப் போனாத்தான் அது தெரியும். நீ வேணா பிளேன்ல போ அண்ணே, மேல இருந்து கைதட்டு."

ரயில் ஏழைக்கு விதித்தது என்று மட்டும்தான் நான் நினைத்திருந்தேன். அந்த நெரிசலையே இவள் பயிற்சியாக்கிக்கொண்டாள். என்னோடு ஒரே வீட்டில் வளர்ந்தவளா இவள்? மலைப்பாக இருக்கிறது.

டிக்கெட் வேண்டாம் என்று நாளை நான்தான் போய்ச் சொல்ல வேண்டும். அம்மாவுக்கு அந்த மில்லில்தான் வேலை. அண்ணாச்சி கோபக்காரர். செல்வி சொன்ன காரணம் அவருக்குப் புரியாது. எனக்கே இன்று சாயங்காலம்தான் புரிந்தது. இருந்தாலும் அதையேதான் சொல்லப்போகிறேன், அவர் எவ்வளவு கோபப்பட்டாலும் சரி.