அக்காவுக்கு ஒரு தனி டிராக்

மார்ச் 3, செவ்வாய்
கம்ப்யூட்டர் இன்றும் மக்கர். இரண்டு மைக்கைச் செருகினால் ஒன்றைத்தான் கண்டுகொள்கிறது. பத்தாம் தேதி அக்காவுக்குத் தொண்டையில் ஆபரேஷன். கட்டி, குரல் நரம்பை ஒட்டி இருக்கிறதாம். "குரல் இப்படியே இருக்கும்னு உறுதி சொல்ல முடியாதாம்" என்றாள், வெங்காயம் உரித்துக்கொண்டே. அதற்குள் அவள் பாட்டை ஒழுங்காகப் பதிந்துவிட வேண்டும்.

மார்ச் 4
ஒவ்வொருவராகப் பதிந்து ஒட்டிக்கொள்ளலாம் என்றேன். ஹெட்போனில் என் கிட்டார் பதிவைக் கேட்டபடி இரண்டு வரி பாடினாள், கழற்றி வைத்துவிட்டாள். "செத்தவங்ககூடப் பாடுற மாதிரி இருக்குடி. எல்லாரும் எதிர்ல உட்காருங்க, பாடுறேன்."

உட்காரலாம். ஆனால் டிரம்ஸ் வாசிப்பது அவள் புருஷன், எங்கள் அத்தான். எங்கே தாளம் தப்பும் என்று அவருக்கே தெரியாது. எல்லாம் ஒரே டிராக்கில், ஒரே பதிவாக விழுந்தால், அவர் சொதப்பியதை வெட்டும்போது அக்கா குரலும் சேர்ந்து போகும். ஆக, ஒரே நேரத்தில் வாசிக்க வேண்டும், ஆளுக்கொரு டிராக்கும் வேண்டும். சொல்வது சுலபம்.

மார்ச் 6
நான்கு மைக் செருகும் பெட்டி வாங்கிவிட்டேன். டிரம்ஸுக்கு இரண்டு, அக்காவுக்கு ஒன்று, என் கிட்டாருக்கு ஒன்று. முதலில் பதிவு விக்கி விக்கி வந்தது. மற்ற புரோகிராம்களை எல்லாம் மூடினேன், விக்கல் நின்றது. எனக்குத்தான் உட்கார முடியவில்லை, படுக்கவும் முடியவில்லை.

மார்ச் 8, ஞாயிறு
மதியம் பதிந்தோம். ஃபிரிட்ஜ், மின்விசிறி எல்லாம் நிறுத்தி, டிரம்ஸ் மேல் போர்வை போட்டு, வியர்த்துக் கொட்டியது. திரையில் நான்கு டிராக்கும் துள்ளின. பார்த்துப் பூரித்துப் போனேன். நடுவில் போட்டுக் கேட்டால் அவள் உற்சாகம் போய்விடும் என்று கேட்கவில்லை. மூன்றாம் தடவை பாடினாளே — அப்படி அவள் பாடி நான் கேட்டதில்லை. "இதுக்கு மேல முடியாது" என்று தரையிலேயே படுத்துவிட்டாள்.

அதே நாள், மாலை
இப்போதுதான் போட்டுக் கேட்டேன். நான்கு டிராக்கிலும் டிரம்ஸ். நாலுலயும் அதே டிரம்ஸ்! முதல் டிராக்கை அமைத்து, அதையே மூன்று நகல் எடுத்து, பெயரை மட்டும் மாற்றியிருக்கிறேன். 'அக்கா', 'கிட்டார்' என்று அழகாக. நான்குமே முதல் மைக்கைத்தான் கேட்டிருக்கின்றன. ஹெட்போனில் எனக்கு எல்லாம் கேட்டதே? அது பெட்டியிலிருந்து நேராக வந்த சத்தம், கம்ப்யூட்டர் பக்கமே போகவில்லை. பேரு வச்சா போதுமா? எனக்கென்ன புத்தி கெட்டுப்போச்சா?

அக்கா குரல் இருக்கிறது. டிரம்ஸுக்குப் பின்னால், பக்கத்து வீட்டில் பாடுவதுபோல.

மார்ச் 9
சொல்லிவிட்டேன். அத்தான் எழுந்து வெளியே போய்விட்டார். இன்னொரு தடவை பாடச் சொல்லிக் கெஞ்சினேன். அவளுக்குத் தொண்டை கட்டியிருந்தது.

"நேத்து நல்லாத்தானே பாடினேன்? எனக்கு அது போதும். உனக்குத்தான்டி பயம்."

கோபம் வந்தது. ஆமா, பயம்தான். உன் குரல் இல்லாம நான் யார்கிட்ட சண்டை போடுவேன்?

மார்ச் 10
கட்டியை எடுத்தாகிவிட்டது. பேசக் கூடாதாம்.

ஏப்ரல் 2
பேசுகிறாள். காற்றுதான் வருகிறது. என்னைத் திட்டினாள், பாதி புரியவில்லை. புரியாமல் திட்டு வாங்குவது இவ்வளவு கஷ்டமா? கிளம்பும்போது அத்தான் வாசல்வரை வந்தார். "அந்த டிரம்ஸ் பதிவ எனக்கும் ஒரு காப்பி போட்டுக் குடு. அவ குரல் அதுலதானே இருக்கு."

மே 17, ஞாயிறு
அவளே கூப்பிட்டாள். "மைக் பெட்டிய எடுத்து வை." ஒவ்வொரு மைக்கிலும் ஒவ்வொருவரைப் பேச வைத்து, போட்டுக் கேட்ட பிறகுதான் ஆரம்பித்தேன். சுருதியை நன்றாக இறக்கிக்கொண்டோம். குரல் கரகரவென்று வேறு யாரோ பாடுவதுபோல இருந்தது. உச்ச வரியில் உடைந்தே போனது. பதிவை நிறுத்தக் கையை நீட்டினேன். என் கையைத் தட்டிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டாள். அத்தானும் நிறுத்தவில்லை. நான்தான் கிட்டாரில் பின்தங்கி, ஓடிப்போய்ச் சேர்ந்துகொண்டேன்.