புகை விடாத லொறி

கஹவத்தை
16.08.2009

அன்புள்ள தம்பி சுதாகரனுக்கு,

அக்கா இராஜம் எழுதுவது. போனில் நான் வாயைத் திறந்தாலே "சுருக்கா சொல்லுக்கா, போன் காட் முடியப் போகுது" என்கிறாய். எனக்குச் சுருக்கமாகச் சொல்ல வராது. அதனால்தான் கடிதம். அம்மாவுக்கு முழங்கால் வலியைத் தவிர வேறு குறையில்லை. வேலைக்குப் போக வேண்டாம் என்று நீ சொன்னதைச் சொன்னேன். தலையை ஆட்டிவிட்டு, மறுநாளே கைக்காசுக்குத் தேயிலைக் கொழுந்து பறிக்க மலைக்குப் போய்விட்டாள்.

இனி உன் லொறிக் கதை. கொழும்புப் பக்கம் போட்ட புகை டெஸ்ட் இப்போது நம் பக்கமும் வந்துவிட்டது. அது பாஸாகாமல் லைசன் இல்லை. உன் மச்சான் லொறியைக் கழுவி, பொட்டு வைத்து, பெண் பார்க்கப் போகிற மாதிரி கொண்டுபோனார். அங்கே சைலன்சருக்குள் ஒரு குழாயைச் செருகி, ஆக்சிலேட்டரை அடியோடு மிதிக்கச் சொன்னார்களாம். மிதித்ததும் வந்த கரும்புகையில் வரிசையில் நின்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடினார்களாம். "தும வெடியி" என்று சிங்களத்தில் சொல்லிப் பேப்பரை நீட்டிவிட்டார்கள். புகை கூட என்பதை மச்சானுக்கு இன்னொருவர் சொல்லியா தெரிய வேண்டும்?

கராஜ் கபூர் நானா ஃபில்டரை மாற்றினார், நொசிலைக் கழற்றிக் கழுவினார். இரண்டாம் தரமும் ஃபெயில். கடைசியில் டீசல் பம்பில் கை வைத்தார். அதில் ஒரு திருகாணி இருக்கிறதாம். அதைக் குறைத்தால் எஞ்சினுக்குப் போகிற டீசல் குறையும், புகையும் நின்றுவிடும். அப்படிச் செய்துதான் மூன்றாம் தரம் பாஸாகியது. ஆனால் நானா சொல்லி அனுப்பியதையும் கேட்டுக்கொள்: "புகை போனா இழுவையும் போயிரும் தங்கச்சி. டெஸ்ட் முடிஞ்ச கையோட கொண்டு வாங்க, பழையபடி ஏத்தி விட்டுர்றேன்." இந்த வாரமே மச்சான் கொண்டுபோகிறார்.

நேரத்துக்குச் சாப்பிடு. கட்டார் வெயிலில் தலையில் துணி இல்லாமல் நிற்காதே.

அன்பு அக்கா,
இராஜம்

•

கஹவத்தை
20.09.2009

அன்புள்ள தம்பிக்கு,

நீ நலமா என்று கேட்பதற்கு முன் ஒரு கேள்வி. கபூர் நானாவுக்குப் போன் எடுத்து, "லொறி என் பேர்ல இருக்குது, என்னைக் கேக்காம பம்புல கை வைக்காதீங்க" என்று சொன்னாயாமே? ரோட்டில் மறித்து மறுபடியும் சோதித்தால் லைசன் போய்விடும் என்ற பயம் உனக்கு ஒரு பக்கம், டீசல் மிச்சம் என்ற ஆசை ஒரு பக்கம். நானா என்ன செய்வார், சொந்தக்காரன் சொன்னால் சரிதானே என்று விட்டுவிட்டார். மச்சானும் உன்னை எதிர்த்துப் பேசமாட்டார். எனக்குத்தான் வாய் இருக்கிறது.

கட்டாரில் ரோடெல்லாம் ரொட்டிக்கல் மாதிரி தட்டை என்று நீதான் சொன்னாய். நம் ஏத்தம் அதற்குள் மறந்துவிட்டதா? கீழ் டிவிசனில் இருந்து மெயின் ரோட்டுக்கு வர கோயில் ஏத்தத்தை விட்டால் வேறு வழி ஏது? கால் வலிக்கிறது என்று அந்த ஏத்தத்தில் என் முதுகில் தொற்றிக்கொண்டு பள்ளிக்கூடம் போனவன் நீ. இப்போது லொறி அதில் முக்குகிறது. கொழுந்தில் பாதியை ஏற்றிப் போய் ஃபாக்டரியில் இறக்கிவிட்டு, மீதிக்கு மச்சான் மறுபடியும் வருகிறார். இரண்டு தரம் ஓடினால் டீசல் எங்கே மிச்சம்? மழை பெய்தால் வெறும் லொறியே வளைவில் நின்றுவிடுகிறது. "புகை விடாத லொறி வருது, தள்ள வாங்கடா" என்று ஆட்கள் கேலி பேசிக்கொண்டு தள்ளுகிறார்கள்.

அம்மா வழக்கம்போல உன் பக்கம்தான். "புள்ள வெயில்ல கெடந்து சம்பாதிச்சு வாங்குனது. அவன் சொன்னா காரணம் இருக்கும், நீ சும்மா கெட" என்று என் வாயை அடைக்கிறாள். லயத்து வீட்டுக்கு யார் வந்தாலும் "எம் மவன் லொறி"தான் பேச்சு.

தம்பி, இது விளையாட்டில்லை. நம் டிவிசனில் பிள்ளைப்பேறு, பாம்புக்கடி என்று எது வந்தாலும் ஆஸ்பத்திரிக்கு ஓடுவது அந்த லொறிதான். தோட்டத்து வேனை நம்பி யார் உயிர் பிழைத்தார்கள்? பம்பைக் கூட்டச் சொல்லி நானாவுக்கு ஒரு வார்த்தை சொல். அக்கா கெஞ்சிக் கேட்கிறேன் என்றே வைத்துக்கொள்.

அன்புடன்,
இராஜம்

•

கஹவத்தை
25.10.2009

சுதாகரனுக்கு,

அம்மாவை அடக்கம் செய்த அன்று நீ போனில் அழுதாய். நானும் அழுதேன். மறுநாள் எடுத்து, "பம்ப் விசயத்த வெளிய சொல்லாதக்கா. பழைய லொறி, பிரேக்டவுன்னு சொல்லிரு" என்றாய். அதற்குப் பிறகு உன் போனை நான் எடுக்கவில்லை. நடந்தது என்ன என்று நீ முழுதாகக் கேட்கவும் இல்லை. இப்போது வாசி.

அன்று மழைவிட்டதும் அம்மாவும் கொழுந்து பறிக்கிற மற்றவர்களும் மலைக்கு ஏறியிருக்கிறார்கள். யாரோ மரக்கிளையை அசைத்ததில் குளவிக் கூடு கலைந்துவிட்டது. மற்றவர்கள் ஓடித் தப்பினார்கள். அம்மாவும் வேறு ஐந்து பெண்களும் மாட்டிக்கொண்டார்கள். பக்கத்து வீட்டு இலட்சுமி அக்காவுக்கு வீக்கத்தில் முகமே தெரியவில்லை, நினைவும் இல்லை. தோட்டத்து வேன் எங்கேயோ போயிருந்தது. மச்சான் கொழுந்துச் சாக்குகளைக் கீழே தள்ளிவிட்டு ஆறு பேரையும் லொறியில் ஏற்றினார். பிடித்துக்கொள்ள ஆம்பிளைகள் சிலரும் ஏறினார்கள்.

கோயில் ஏத்தத்தில், அதே வளைவில் லொறி நின்றது. ஆம்பிளைகள் குதித்துத் தள்ளினார்கள். மச்சான் ஆக்சிலேட்டரை அடியோடு மிதித்தும் அது முனகியதே தவிர அசையவில்லை. புகையும் வரவில்லை. அப்போது அம்மா தானாக இறங்கியிருக்கிறாள். "எனக்குக் கொஞ்சந்தான் கொட்டுச்சு, நான் பின்னால நடந்து வர்றேன். எம் மவன் லொறிதானே, நான் எறங்குனா போயிரும்" என்று சொன்னாளாம். இறங்கியவள் சும்மா நிற்கவும் இல்லை. ஆம்பிளைகளோடு சேர்ந்து அவளும் தள்ளினாள்.

லொறி ஏறிவிட்டது. அவள் இறங்கியதால் ஏறியதா, அவர்கள் தள்ளியதால் ஏறியதா, எனக்குத் தெரியாது. நிறுத்தினால் மறுபடியும் கிளம்பாது என்று மச்சான் நிறுத்தவில்லை. அவர் மேல் பழி சொல்லாதே.

செய்தி கேட்டு நான் லயத்தில் இருந்து ஓடிப்போனபோது அம்மா மதகுக் கட்டின் மேல் உட்கார்ந்திருந்தாள். உதடு வீங்கி, கண் மூடிப்போயிருந்தது. மூச்சு சீழ்க்கை அடித்தது. மடியில் சாய்த்துக்கொண்டேன். "லொறி ஏறிருச்சா?" என்று கேட்டாள். ஏறிருச்சும்மா என்றேன். அதற்கு மேல் அவளுக்குப் பேச்சு வரவில்லை. ஆம்பிளைகள் அவளைச் சாக்கில் தூக்கிக்கொள்ள, மெயின் ரோட்டுக்கு ஓடினோம். மச்சான் ஐந்து பேரையும் ஆஸ்பத்திரியில் இறக்கிவிட்டு, லொறியை வெறுமையாக ஓட்டிக்கொண்டு எதிரே வந்தார். அதற்குள் முடிந்துவிட்டது. உன் கையால் போட வேண்டிய பிடி மண்ணை அவர்தான் போட்டார்.

காரியம் முடிந்த பிறகு கபூர் நானா வந்தார். உன்னைக் கேட்கவில்லை, எங்களையும் கேட்கவில்லை. வாசலில் நின்ற லொறியின் பம்பில் ஸ்பானரைப் போட்டுத் திருப்பினார். நான் கொடுத்த பிளேன்டீ ஆறுவதற்குள் வேலை முடிந்தது. இவ்வளவுதான் வேலையா நானா என்று கேட்டேன். "இவ்வளவுதான் தங்கச்சி" என்று சொல்லிவிட்டு டீயைக் குடிக்காமலே போனார். பாவி, இவ்வளவுக்குத்தானா நான் உன்னிடம் கெஞ்சினேன்?

ஐந்து பேரும் பிழைத்துவிட்டார்கள். இலட்சுமி அக்கா ஆஸ்பத்திரியில் இருந்து வந்த அன்றே நம் வீட்டுக்கு வந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒங்க தம்பி லொறி இல்லாட்டி எங்க அஞ்சு பேரையும் மண்ணுலதான் வச்சிருப்பாங்க. அந்தப் புள்ள நூறு வருசம் நல்லா இருக்கணும்" என்று அழுதாள். மச்சான் எழுந்து பின்பக்கம் போய்விட்டார். அவர் இன்னும் லொறியில் ஏறவில்லை. நான் அவளிடம் எதுவும் சொல்லவில்லை. நீ சொல்லாதே என்றதற்காக இல்லை. சாவில் இருந்து திரும்பி வந்தவளிடம் அதைச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. இப்போது கோயிலில் உன் பெயருக்கு அர்ச்சனை செய்கிறார்கள். திருநீறு கொண்டுவந்து என் கையில் தருகிறார்கள். நானும் வாங்கி வைக்கிறேன்.

முப்பத்தோராம் நாளுக்கு வா. லீவு இல்லை என்று சொல்லாதே. எப்படியாவது வா. அந்த ஐந்து பேரும் வருவார்கள். அவர்களுக்கு முன்னால் நீ வந்து நில். என்ன சொல்வாயோ, சொல்லாமல் இருப்பாயோ, அது உன் பாடு. உனக்காக அந்தத் திருநீற்றுக்கு இனி நான் கைநீட்ட மாட்டேன்.

இலட்சுமி அக்கா உனக்கு எழுதச் சொன்னதை எழுதிவிட்டேன். நூறு வருசம் நல்லா இரு.

இராஜம்