சரியாகப் பேசும் என் குரல்

அன்புள்ள அப்பாவுக்கு,

நாங்கள் நலம். உங்கள் முதுகுவலி எப்படி இருக்கிறது? அம்மாவுக்கு பேக்கிங் கம்பெனியில் பகல் ஷிஃப்ட் கொடுத்துவிட்டார்கள். உங்கள் கடிதம் கிடைத்தது. நான் போனில் இங்கிலீஷில் வெளுத்து வாங்கியதாகவும், உங்களுக்குப் பாதிதான் புரிந்ததாகவும், ஆனாலும் மேஸ்திரியிடம் சொல்லிப் பெருமைப்பட்டதாகவும் எழுதியிருந்தீர்கள். விடுதிக்குப் போக ஆசையாக இருக்கிறது என்று நான் கேட்டதும் சரி சொல்லிவிட்டதாகவும் எழுதியிருந்தீர்கள்.

அப்பா, நான் உங்களுக்குப் போன் செய்யவே இல்லை. இதையும் போனில் சொன்னால் பேசுவது யார் என்று உங்களுக்குத் தெரியாது. என் கையெழுத்து உங்களுக்குத் தெரியும். அதனால்தான் எழுதுகிறேன்.

பள்ளியில் ஒரு நிறுவனம் கொடுத்த கம்ப்யூட்டரில் ஆங்கிலம் பேசிப் பழகுகிறோம் என்று முன்பு எழுதினேன் அல்லவா? அதற்குப் பெட்டி அக்கா என்று பெயர் வைத்திருக்கிறோம். ஹெட்போன் மாட்டிக்கொண்டு நாம் பேசினால் பொறுமையாகக் கேட்கும், திட்டாது. பிறகு நாம் தடுமாறிய அதே வாக்கியத்தை நம் குரலிலேயே தவறில்லாமல் சொல்லிக் காட்டும். எனக்குச் சளி பிடித்தால் மூக்கால் பேசுவேனே, அதுகூட அதில் இருந்தது. முதல் நாள் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. மணி அடித்த பிறகும் நான்தான் உட்கார்ந்து பேசுவேன். அப்பா எங்கே வேலை செய்கிறார், உன்னை எப்படிக் கூப்பிடுவார், அவரிடம் ஏதாவது வேண்டுமென்றால் எப்படிக் கேட்பாய் என்றெல்லாம் கேட்கும். பயிற்சிதானே என்று எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன்.

பக்கத்துத் தெரு தையற்காரம்மாவின் மகளை, அந்த வாயாடியை, போன வருடம் அந்த நிறுவனத்தின் விடுதிக்கு அழைத்துப் போனார்கள். லீவுக்கும் அவள் வரவில்லை. ஞாயிறுதோறும் போன் மட்டும் வருகிறது. தையற்காரம்மா ஸ்பீக்கரில் போட்டு, "எம் பொண்ணு தொரசாணி மாதிரி பேசுறா பாரு" என்று எல்லோரையும் கூப்பிடுவார். போன வாரம் நானும் போனேன். அவளுக்குப் பின்னால் ஒரு சத்தமும் இல்லை. மின்விசிறிச் சத்தம்கூட இல்லை. அவளுடைய தம்பி மாடிப்படியில் விழுந்து கையை உடைத்துக்கொண்டான் என்று தையற்காரம்மா சொல்ல, கேட்க மகிழ்ச்சியாக இருக்கிறது, இங்கே வானிலை நன்றாக இருக்கிறது என்று அவள் ஆங்கிலத்தில் சொன்னாள். "என்னடி சொல்றா?" என்று தையற்காரம்மா என்னைக் கேட்டார். தம்பியைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளச் சொல்கிறாள் என்று சொல்லிவிட்டேன்.

இந்த வருடம் என்னைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். மாதக் கடைசியில் வண்டி வருகிறது. உங்கள் சம்மதம் பதிவாகிவிட்டது என்று தலைமையாசிரியை சொல்கிறார். நான் போனே செய்யவில்லை என்று அம்மாவிடம் சொன்னேன். "நீ பேசாம, உங்கப்பா என்ன கனவா கண்டாரு? போகப் பயமா இருந்தா பயம்னு சொல்லுடி" என்கிறார். எனக்குப் புதுப்பை கூட வாங்கி வைத்துவிட்டார்.

ஆங்கில டீச்சர் மட்டும் என்னை நம்பினார். "அப்பா நேர்ல வந்து முடியாதுன்னு சொன்னாத்தான் நிக்கும்" என்றார். அதைச் சொல்லும்போது என் ஹெட்போன் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டார்.

தமிழில் பேசினால் நான்தான் என்று தெரிந்துகொள்ளுங்கள் என்று உங்களுக்கு எழுத நினைத்திருந்தேன். ஆனால் இந்த வாரம் தமிழிலும் பேசச் சொல்கிறார்கள். எங்கள் ஆங்கிலத்தில் தவறு எங்கிருந்து வருகிறது என்று ஆராயவாம். நேற்று பெட்டி அக்கா என் தமிழைத் திருப்பிப் போட்டுக் காட்டியது. அப்பா என்று ஒருமுறை கூப்பிட்டது. ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டேன்.

லீவு தரமாட்டேன் என்று மேஸ்திரி சொன்னால் இந்தக் கடிதத்தைக் காட்டுங்கள். கிளம்பும்முன் பள்ளிக்கோ அம்மாவுக்கோ போன் செய்யாதீர்கள். வழியில் என் குரல் உங்களைக் கூப்பிடலாம். எல்லாம் சரியாகிவிட்டது, அலையாதீங்கப்பா, அங்கேயே இருங்க என்று சொல்லலாம். நான் சொல்வதைவிட அழகாகச் சொல்லும்.

அப்போதும் வாருங்கள், அப்பா.

உங்கள் மகள்