நஸ்ரீன் கேட்ட நோட்டு

ஜூலை 11, வெள்ளி

இந்த மாதம் முழுக்க எனக்கு ஞாயிற்றுக்கிழமை வேலை, புதன்கிழமைதான் லீவு என்று காலையில் சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். ஞாயிறுதான் திருவள்ளூரில் எனக்குப் பட்டப்படிப்பு வகுப்பு. வருகை குறைந்தால் தேர்வெழுத விடமாட்டார்கள். சமுதாயக் கல்லூரி டிப்ளமோ கும்மிடிப்பூண்டித் தொழிற்சாலையில் இந்த வேலையை வாங்கித் தந்தது. இதற்கு மேலே போக டிகிரி கேட்கிறார்கள்.

மதியச் சாப்பாட்டின்போது நஸ்ரீனிடம் சொன்னேன். பழவேற்காட்டுக்காரி. கல்லூரியில் என் பக்கத்து பெஞ்சு. இப்போது பக்கத்து மேசையில் என்னைப் போலவே பாகங்களின் அளவைச் சரிபார்க்கிறாள்.

"இதுக்கா மூஞ்சிய தூக்கி வச்சிக்கினு கீற? ஞாயித்துக்கெழம நான் வர்றேன். உன் புதன்கெழம லீவ நான் வச்சிக்கிறேன்."

"சும்மாவா?"

"சும்மா இன்னாத்துக்கு? உன் நோட்டக் குடு. அடுத்த வருசம் நான் சேரப் போறேன். அப்போ என் ஞாயித்துக்கெழமைய நீ பாத்துக்க. ஆனா கோழிக் கிறுக்கலா எழுதின, பேஜாராயிடும்டீ!"

சூப்பர்வைசரும் சரி என்றார். நிம்மதியாகப் பேருந்தில் ஏறினேன். அவள் வீட்டில் மாப்பிள்ளை பார்க்கிறார்கள் என்பது புதுவாயலைத் தாண்டியபோதுதான் நினைவுக்கு வந்தது. அடுத்த வருடம் என்று எவ்வளவு உறுதியாகச் சொன்னாள். கல்யாணம் ஆனால் படிக்க விடுவார்களா?

சாப்பிட்டதும் புது நோட்டு ஒன்றை எடுத்து, போன வாரப் பாடத்தை முதலிலிருந்து திருத்தமாக எழுதினேன். அட்டையில் இரண்டு பேர் பெயரையும் போட்டிருக்கிறேன். விரல் வலிக்கிறது. எழுத்து மட்டும் அழகாக வந்திருக்கிறது.