நாற்பத்தேழாம் மாதிரி

2024 ஜூன் 11

கோட்டையூரில் இன்று ஒன்பது மாதிரிகள். ஒன்பதும் பிச்சையம்மாள் அக்காவால் கிடைத்தவை. அவர் எங்கள் ஆய்வுக்குக் களப்பணியாளராக வந்து மூன்று மாதம்தான் ஆகிறது.

குடலில் பாலிப் என்னும் சிறு சதைக்கட்டி வளர்ந்தால் அதன் டி.என்.ஏ. துணுக்குகள் மலத்தோடு வெளியே வரும். அவற்றில் இருக்கும் ஒரு குறியை வைத்து, அது புற்றுநோயாக மாறும் முன்பே கண்டுபிடிக்க முடியுமா என்பது என் ஆராய்ச்சி. எழுதும்போது கம்பீரமாகத்தான் இருக்கிறது. ஒரு வீட்டு வாசலில் நின்று மலம் கொடுங்கள் என்று கேட்க எனக்கு நாக்கு எழவில்லை. அக்கா கேட்டார்: “ரத்தம்னா கையை நீட்டுறீக. இது எப்படியும் போறதுதான? ஒரு ஸ்பூனு இங்குட்டுக் குடுங்க.”

வீடே சிரித்தது. டப்பாவை வாங்கிக்கொண்டார்கள்.

ஜூலை 3

47-ஆம் மாதிரியில் குறி அதிகம். மூன்று முறை சோதித்துப் பார்த்தேன். மூன்றிலும் அதிகம்.

ஜூலை 5

பேராசிரியரிடம் காட்டினேன். மாதிரிகளில் எண் மட்டும்தான் இருக்கும்; விதிப்படி அவர்தான் பெயர்ப் பட்டியலைத் திறந்து பார்த்துச் சொன்னார்: இருளாண்டி, ஐம்பத்திரண்டு வயது. காரைக்குடியில் பழம்பொருள் கடை ஒன்றில் மரச்சாமான்களுக்குப் பாலிஷ் போடுபவர். அவரிடம் போய், மதுரையில் குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்க வேண்டும் என்று சொன்னேன். முகம் வெளுத்துவிட்டது.

எனக்கோ - எழுத வெட்கமாக இருக்கிறது - உள்ளுக்குள் சந்தோஷம். என் சோதனை வேலை செய்கிறது!

ஜூலை 16

இருளாண்டிக்கு ஒன்றுமில்லை. குடல் சுத்தமாக இருக்கிறதாம்.

சாயங்காலம் போன் செய்தார். “பத்து நாளா என்னையச் சாகடிச்சிட்டீகளே. எம் பொண்டாட்டி சோறு தின்னு எத்தனை நாளாச்சு தெரியுமா? உங்க பரிட்சைக்கு நாங்கதான் கெடச்சமா?”

நல்ல சேதி கேட்டு ஏன் எனக்கு ஏமாற்றம்? என்ன மனுஷி நான்?

ஜூலை 17

இனி களத்துக்கு வரமாட்டேன், ஆய்வகத்திலேயே இருந்துகொள்கிறேன் என்று அக்காவிடம் சொன்னேன். அவர் திட்டவில்லை. “நான் போயிட்டு வாரேன்” என்றார். டவுன் பஸ் ஏறி இருளாண்டி வீட்டுக்குப் போய்விட்டார்.

ஜூலை 18

போன இடத்தில் என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன்.

“தப்பு எங்க பக்கந்தான்னு சொன்னேன். அப்பறம் அவரு வைஞ்சாரு, கேட்டுக்கிட்டு இருந்தேன். ஒரு மணி நேரம். வைஞ்சு முடிச்சு காப்பி குடுத்தாக.”

அதோடு நிற்கவில்லை. எது ரொம்பக் கஷ்டமாக இருந்தது என்று கேட்டிருக்கிறார். பேதி மருந்தும் இல்லை, குழாயும் இல்லையாம். குறி தப்பாகவும் இருக்கலாம் என்று யாருமே சொல்லாததும், ஆஸ்பத்திரி பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்ததும்தானாம்.

ஆறு வருடம் படித்த எனக்கு அந்தக் கேள்வி தோன்றவில்லை. ஒப்புதல் படிவத்தை இன்றே மாற்றி எழுதி, நெறிமுறைக் குழுவின் அனுமதிக்கு அனுப்பினேன். முதல் வரி: இந்தக் குறி தவறாகவும் காட்டலாம். இன்னொரு வரி: மருத்துவமனைக்கு எங்களில் ஒருவர் உடன் வருவார்.

செப்டம்பர் 9

மறுபடி ஒரு மாதிரியில் குறி அதிகம். சிகப்பி ஆச்சி, கோட்டையூர், அறுபத்தொன்று. வீட்டிலேயே பலகாரம் செய்து வெளியூருக்கெல்லாம் அனுப்புகிறவர். இந்த முறை சந்தோஷம் வரவில்லை. பயமாக இருந்தது.

இது தவறாகவும் இருக்கலாம் என்று நானே போய்த் தெளிவாகச் சொன்னேன். ஆச்சியும் தெளிவாகச் சொன்னார்: “அப்பத் தப்புன்னே வச்சுக்க. தீபாவளி ஆர்டர் தலைக்கு மேல கெடக்கு.”

செப்டம்பர் 14

அக்கா இரண்டு தரம் போய்ப் பார்த்தார். ஆச்சி அசையவில்லை. மூன்றாம் தரம் தனியாகப் போகவில்லை. இருளாண்டியிடம் சம்மதம் கேட்டு, அவரையும் கூட்டிப்போனார். நானும் போனேன். இருளாண்டி என் முகத்தைப் பார்க்கவில்லை. ஆச்சியிடம்தான் பேசினார்.

“ஆச்சி, எனக்கும் இப்படித்தான் சொன்னாக. போய்ப் பாத்தேன், ஒண்ணுமில்ல. மயக்க ஊசி போட்டது தெரியும், முழிச்சது தெரியும். அம்புட்டுத்தான். உங்களுக்கும் ஒண்ணுமில்லேன்னா ரெண்டு நாளுதான் நட்டம். இருந்துச்சுன்னா?”

ஆச்சி சீடை மாவிலிருந்து கையை எடுத்தார். “கூட யாரு வருவா?”

“நான் வாரேன்” என்றார் அக்கா.

செப்டம்பர் 20

பாலிப். ஒன்றரை சென்டிமீட்டர். குழாய் வழியாகவே அகற்றிவிட்டார்கள். ஆச்சி காலையில் மருந்து குடிக்க முரண்டு பிடித்தபோது அக்காவும் கூடவே டம்ளர் டம்ளராகத் தண்ணீர் குடித்தாராம்.

செப்டம்பர் 30

ஆச்சிக்கு அகற்றிய பாலிப்பின் பரிசோதனை முடிவு வந்தது. புற்றுநோய் இல்லை. விட்டிருந்தால் சில வருடங்களில் ஆகியிருக்கக்கூடும் என்றார் டாக்டர்.

அழுதேன்.

அக்டோபர் 22

சரி ஒன்று, தவறு ஒன்று. இதை வைத்து எதையும் நிறுவ முடியாது. இன்னும் நானூறு பேராவது வேண்டும். இரண்டையும் ஆண்டறிக்கையில் அப்படியே எழுதினேன்.

மத்தியானம் இருளாண்டி ஆய்வகத்துக்கு வந்தார். கூடவே மனைவியும் மச்சினரும். மூன்று பேருக்கும் டப்பா வேண்டுமாம்.

“உங்களுக்குமா?” என்று கேட்டுவிட்டேன்.

“வருசா வருசம் பாக்கணும்னு பிச்சையம்மா சொல்லுச்சு. தப்பாப் போச்சுன்னு வீடு தேடி வந்து சொன்னவுக நீங்க. வேற யாருகிட்டப் போயிக் குடுக்க?”

வீடு தேடிப் போனது நானில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அக்கா மூன்று டப்பாக்களை எடுத்து என் கையில் வைத்து, “நீயே குடு” என்றார்.