பைலா கிடையாது

ஜூலை 8, செவ்வாய்

வெக்கை. ஏசி சத்தம் மட்டும் போடுகிறது, குளிர் இல்லை. மிசிசாகாவில் வேலை முடித்து 401 நெடுஞ்சாலையில் ஊர்ந்து வந்து சேர உயிர் போய்விட்டது.

செய்ய: பேஸ் கிட்டாருக்குப் புதுக் கம்பி. மிக்சருக்கு நீள வயர். கறுப்புச் சேர்ட் (பழையது வயிற்றில் பூட்டுப்படாது). ர.வுக்குப் போன்.

சிவா அண்ணை எனக்குப் போன் எடுத்தார். யூனியன்வில்லில் பெரிய வீடு. சனிக்கிழமை அவருடைய பாக்யார்டில்தான் வாசிக்கிறோம், மனைவிக்கு ஐம்பதாவது பிறந்தநாள். ரொக் என்றால் சத்தம்தானே, பரவாயில்லையாம். "கடைசியிலை பைலா போடுவியள் தானே தம்பி?"

ஓம் அண்ணை என்றேன். யோசிக்கவே இல்லை. எனக்கு ஓம் என்பது இருமல் மாதிரி, தானாக வரும்.

எங்கள் பான்ட்டுக்கு ஒரே ஒரு சட்டம். சென் ஜேம்ஸ் ரவுணில், நாங்கள் இருந்த மாடிக் கட்டடத்தின் அடித்தள அறையில் மூன்று பேரும் தொடங்கிய அன்றைக்கே ர. போட்ட சட்டம்: பைலா கிடையாது. கொண்டாட்டத்தில் சனம் எழும்பி ஆடுகிற அந்த இலங்கைத் துள்ளிசை, குடித்த அங்கிள்மார் காலில் விழுந்து கேட்டாலும் கிடையாது. இத்தனை வருடமும் காப்பாற்றினோம். அதனால்தான் எங்களை ஒருவரும் கூப்பிடுவதில்லை.

(ர. என்றால் ரஞ்சன். பாட்டும் அவன், கிட்டாரும் அவன். முழுப்பேர் எழுதப் பஞ்சி.)

ஜூலை 10, வியாழன்

இடி மட்டும். மழை இல்லை. குமாரின் கராஜில் பிராக்டிஸ். குமார் ட்ரம்ஸ். அடிப்பான், கதைக்கமாட்டான். நல்ல குணம்.

ர. மெலிந்துவிட்டான். பனிக்காலத்தில் கழுத்தில் தைரொயிட் ஒப்பரேஷன். குரல் திரும்பாமலும் போகலாம் என்று டொக்டர் சொல்லியிருந்தார். மாதக்கணக்காகக் கதைக்காமல் எழுதிக் காட்டிக்கொண்டு திரிந்தான். எனக்கு நிம்மதியான காலம்.

இன்றுதான் வாய் திறந்து பாடினான். அவனே எழுதிய பாட்டு. லிப்ட் பழுது, அம்மா சாமான் பையோடு பத்தொன்பதாம் மாடிக்குப் படியேறி வருகிறா, பையன் கதவடியில் காவல் இருக்கிறான். அவ்வளவுதான் பாட்டு. குரல் போகவில்லை. முந்தி கண்ணாடி மாதிரி இருந்தது, இப்போது அடியில் கொஞ்சம் மண். முந்தியதைவிட நல்லாயிருக்கிறது. குமார் கண்ணைத் துடைத்துவிட்டு வியர்வை என்றான்.

எனக்கு வயிறு எரிந்தது. கழுத்தை வெட்டியும் இவனுக்கு இப்படி ஒரு குரல். வெட்டாமலே எனக்குத் தவளைக் குரல்.

அவனுக்கோ நம்பிக்கை இல்லை. குரல் வெளியே வருகுதோ, பின்னுக்கு நிற்பவனுக்குக் கேட்குமோ என்று அரித்தெடுத்தான். ஓம் ஓம் என்று வயர் சுற்றினேன்.

"சனிக்கிழமை அபி வாறாள் மச்சான். இந்த ஒரு பாட்டை ஒழுங்காப் பாடிப்போட்டன் எண்டால் எனக்குக் காணும்."

அபி மகள். பதினேழு வயது. தாயோடு ஏஜாக்ஸில் இருக்கிறாள், தகப்பன் பாடி ஒருநாளும் கேட்டதில்லை. வரவைக்க என்ன கெஞ்சு கெஞ்சினானோ.

பைலா கதையை அவனுக்குச் சொல்லவில்லை.

ஜூலை 13, ஞாயிறு

தலையிடி. முகில். இரண்டு பிளேன்ரீ.

நேற்றையது. கூடாரம், மிதிவெடி ரோல், ஆட்டுக்கொத்து, கட்டில் அளவு கேக். எங்களுக்கு இடம் வேலியோரம், குப்பைத்தொட்டிகளுக்குப் பக்கத்தில். மிக்சர் என் காலடியில். ஆருடைய சத்தத்தைக் கூட்டுவது, ஆருடையதைக் குறைப்பது எல்லாம் எப்போதும் என் பொறுப்பு. பேஸ் வாசிப்பவனை ஆர் பார்க்கிறார்கள்?

முதல் நான்கு பாட்டும் சும்மா அதிர்ந்தது. பிள்ளைகள் காதைப் பொத்தினார்கள். அன்ரிமார் கதிரைகளைத் தூக்கிக்கொண்டு வீட்டின் முன்பக்கம் போய்விட்டார்கள். ஓர் அன்ரி: "உது பாட்டோ, வயர் ஏதும் எரியுதோ?"

பிறகு லிப்ட் பாட்டு. ர. கண்ணை மூடினான். பார்பிக்யூ அடுப்படியில் அபி, போனைத் தூக்கிப் பிடித்தபடி. முதல் அடி அருமை. இறைச்சி திருப்பிக்கொண்டிருந்தவர் கையை நிறுத்திக் கேட்டார்.

கூடாரத்துக்குள் இருந்து ஒரு குரல்: "பிறந்தநாளுக்குச் செத்தவீட்டுப் பாட்டு."

சிவா அண்ணை தொட்டிகளைச் சுற்றிக்கொண்டு என் காதடிக்கு வந்தார். "தம்பி, சனம் எழும்பப் போகுது. பைலாவைப் போடும். நல்லாச் செய்தியள் எண்டால் மார்க்கம் சிற்றி முழுக்கச் சொல்லிவிடுறன்."

ஓம் என்றேன்.

பாட்டு முடியட்டும் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஒரு கம்பியைத் தட்டி ஓட விட்டுக் குனிந்து, மிக்சரில் ர.வின் மைக் சத்தத்தை இறக்கினேன். ஒரேயடியாக இல்லை. வரிக்குக் கொஞ்சம், வரிக்குக் கொஞ்சம். அவன் முக்கினான். கழுத்துத் தழும்பு சிவந்தது. இன்னும் இறக்கினேன். அவன் இன்னும் கத்தினான், கடைசியில் உண்மையாகவே குரல் உடைந்தது. கழுத்தைப் பொத்திக்கொண்டு கண்ணைத் திறந்தான். என்னைப் பார்க்கவில்லை. அபியைப் பார்த்தான். அவள் போனை இறக்கிவிட்டாள்.

குமாருக்குத் தலையாட்டினேன். பைலா.

எங்கிருந்துதான் வந்தார்களோ! முன்பக்கம் போன அன்ரிமார் ஓடி வந்தார்கள். பிறந்தநாள்காரி கேக் வெட்டும் கத்தியோடு ஆடினா. ஓர் அங்கிள் ர.வின் கையைப் பிடித்து இழுக்க, கழுத்தில் கிட்டாரோடு அவனும் இரண்டு அடி வைத்தான்.

எனக்குப் பிடித்திருந்தது. மறைக்க என்ன இருக்கிறது, இதை ஆரும் வாசிக்கப் போவதில்லை. நல்லாகவே பிடித்திருந்தது. முதல் தடவையாகச் சனம் என் விரலுக்கு ஆடியது.

வயர் சுற்றும்போது அபி வந்தாள். "அங்கிள், அப்பான்ரை வொய்ஸ்... லைக், அப்பிடியே போயிட்டுது. மைக்கிலை ஏதும் ப்ரொப்ளமா?"

"மைக்கிலை ஒண்டுமில்லைப் பிள்ளை. ஒப்பரேஷன் தானே. அப்பாட்டைச் சொல்லிப்போடாதைங்கோ, பாவம்."

அந்தப் பாவத்தை ஏன் சேர்த்தேன் தெரியவில்லை. நன்றாக வேலை செய்தது. பிள்ளை போய்த் தகப்பனின் கிட்டாரை வாங்கித் தான் தூக்கிக்கொண்டு, மற்றக் கையால் அவன் முழங்கையைப் பிடித்துக் காருக்குக் கூட்டிப்போனாள், ஆஸ்பத்திரியில் இருந்து ஆளைக் கூட்டிப்போவது போல.

மிச்சக் கொத்து ஒரு பெட்டி தந்தார்கள். உப்புக் கூடிவிட்டது.

ஜூலை 15, செவ்வாய்

வெயில். ஏசிக்காரன் வரவில்லை.

சிவா அண்ணை வாக்குத் தப்பாத மனிதர். மூன்று இடத்தில் இருந்து போன். ஒருத்தர், "நீங்கள்தானே அந்தப் பைலா பான்ட்?" ஓம் என்றேன்.

குமாரிடம் இருந்து மெசேஜ்: நீ குனிஞ்சதைப் பாத்தனான்.

அடுத்த சனி வருவியோ என்று திருப்பிக் கேட்டேன். சாப்பிட்டு, பாத்திரம் கழுவி, படுக்கப் போகும்போதுதான் பதில் வந்தது. ஓம்.

ஜூலை 17, வியாழன்

ஒருவழியாக மழை.

வேலையால் வந்து சப்பாத்துக் கழற்ற, வாசலில் ர. நனைந்துகொண்டு நின்றான். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. கதைக்கும்போது குரலை அடக்கி அடக்கிக் கதைத்தான், உடைந்துவிடும் என்ற பயம். அன்றையில் இருந்து அபி தினமும் போன் எடுக்கிறாளாம். சாப்பிட்டாச்சா, மருந்து எடுத்தாச்சா என்று. பாட்டைப் பற்றி மூச்சு விடுவதில்லையாம்.

"இண்டைக்கு டொக்டர் குழாய் விட்டுப் பாத்தவர். ஒண்டுமில்லையாம், நல்லாயிருக்காம். பிறகேன்டா போனது?"

எனக்கென்ன தெரியும் என்றேன்.

"மச்சான், ஒண்டு கேக்கிறன், கோவிக்கமாட்டன். மைக்கிலை கை வைச்சனியோ? ஓம் எண்டு சொல்லு. சத்தியமா ஒண்டும் செய்யன். நீ ஓம் எண்டால் எனக்குச் சந்தோசம்டா."

ஊரில் உள்ளவனுக்கெல்லாம் ஓம் சொல்கிற வாய். அவன் என் உதட்டையே பார்த்துக்கொண்டு நின்றான். கையெடுத்துக் கும்பிடாததுதான் குறை.

"ஆடத் தெரியாதவள் மேடை கோணல் எண்டாளாம்" என்றேன். சிரித்துக்கொண்டுதான் சொன்னேன்.

அவனும் சிரித்தான். காருக்குப் போய்த் தன் கிட்டாரை எடுத்து வந்து, மழை படாத பக்கமாகச் சுவரில் சாத்தினான். போட்டு வாறன் என்று சொல்லவில்லை. போறன் என்றான்.

கார் திரும்ப முதல் சிவா அண்ணையின் போன். அடுத்த சனிக்குத் தன் மைத்துனர் வீட்டிலும் நாங்கள்தானாம். ஒரே ஒரு விஷயம், உந்தப் பாடுற தம்பி இனி வரமாட்டார்தானே என்று கேட்டார்.

ஓம் அண்ணை என்றேன்.