கழுத்து மங்கிய தட்டான்

லேத்துக்காரரே,

உங்கள் மகள் போன மாதம் ஒரு ரெக்சின் பையைத் தூக்க முடியாமல் தூக்கிவந்து என் வீட்டு மேசைமேல் வைத்தாள். ஜிப்பைத் திறந்ததுதான் தாமதம், கட்டிங் ஆயில் வாசம் வாசல்வரை போய்விட்டது. என் சம்சாரம் அடுப்படியிலிருந்தே, "ஏனுங்க, அவர் வந்திருக்காருங்களா?" என்று கேட்டுவிட்டு, அப்புறம் நாக்கைக் கடித்துக்கொண்டாள். நீங்கள் போய் மூன்று மாதமாகியும் இந்த நாற்றம் போகவில்லை. உயிரோடு இருந்த காலத்தில் பூச்சிகள் எப்படித்தான் உங்கள் கேமராவுக்கு முன்னால் அத்தனை நேரம் உட்கார்ந்திருந்தனவோ! பொறுமையாக உட்கார்ந்திருக்காது. மயக்கம் போட்டுக் கிடந்திருக்கும்.

பைக்குள் உங்கள் பிரசித்திபெற்ற தள்ளுவண்டி. ஏதோ செத்துப்போன லேத்தின் ஸ்லைடை அறுத்து, மேலே கேமராவை மாட்ட ஒரு தட்டு, பக்கத்தில் அளவுக்கோடு போட்ட ஒரு கைப்பிடி, அதைச் சுற்றினால் கேமரா மயிரிழை மயிரிழையாக முன்னால் நகரும். நாலு கிலோ இருக்கும், நான் ஏழு என்றுதான் ஊரில் சொல்லியிருக்கிறேன். கூடவே ஒரு மெமரி கார்டு.

"மாமா, அப்பா கடைசியா எடுத்ததுங்க," என்றாள். "ஒரு தட்டான். தொண்ணூறு படம் இருக்குது. சேத்துப் பாத்தா கழுத்துக்கிட்ட மட்டும் மங்கலாப் போயிருதுங்க. போட்டோ சங்கத்துல அப்பா பேர்ல கண்காட்சி வெக்கறாங்களாம், நடுவால இதைத்தான் மாட்டணுங்கறாங்க. நீங்க நெனச்சா சரி பண்ணிருவீங்கன்னு செயலாளர் சொன்னாருங்க."

அந்த ஆள் சொன்னதன் அர்த்தம் அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். 'இல்லாததை வரைஞ்சு வெக்கறதுல அந்த ஸ்டுடியோக்காரன் கில்லாடி' என்று சொல்லியிருப்பான். உண்மைதான். வெள்ளகோவிலிலிருந்து மேட்டுப்பாளையம்வரை என் கைபட்டு முடி முளைக்காத மாப்பிள்ளை இல்லை. துபாயில் இருந்த தாய்மாமனை முகூர்த்தப் படத்தில் நிற்கவைத்தவன் நான். அவர் ஊருக்கு வந்ததும் அந்தப் படத்தைப் பார்த்து, தான் வந்திருந்ததாகவே நம்பிவிட்டார். எட்டாம் வகுப்போடு நின்றவன் இவ்வளவு செய்திருக்கிறேன். ஒரு தட்டானின் கழுத்து எனக்கு ஒரு டீ ஆறும் நேரத்து வேலை.

உங்கள் கலையை நான் ஒருநாளும் மதித்ததில்லை, அதை இப்போதும் மாற்றிக்கொள்வதாக இல்லை. நானூறு சொந்தக்காரர்களை, அதில் பாதிப்பேர் ஒருவர் முகத்தில் ஒருவர் முழிக்காதவர்கள், ஒரே அமுக்கில் தெளிவாக எடுத்தவன் நான். நீங்கள் ஒரே ஓர் ஈயை எடுக்க நூறு படம் எடுப்பீர்கள். கேட்டால், "கிட்டப் போகப் போக மயிரிழை ஆழந்தானுங்க தெளிவா விழும். மூக்கு விழுந்தா முதுகு விழாது. அதனால கொஞ்சங் கொஞ்சமா முன்னால தள்ளித் தள்ளி எடுத்து, தெளிவா இருக்கறதை மட்டும் எல்லாத்துலயும் பொறுக்கி ஒண்ணாச் சேக்கோணுங்க" என்பீர்கள். இதை என்னிடம் பத்துத் தடவை சொல்லியிருப்பீர்கள். ஏதோ ராக்கெட் விடுகிற மாதிரி. இப்போது என் பேத்தியின் செல்போன் இதைத் தானாகவே செய்கிறது, வாசமும் இல்லை.

அமராவதி வாய்க்கால் மேட்டில் நாம் இரண்டு பேரும் விடியலில் குப்புறப் படுத்துக்கிடந்ததை உடுமலைப் பக்கத்து ஆட்கள் பார்த்துவிட்டு, "கெணறு தோண்ட எடம் பாக்கறீங்களா?" என்று கேட்டுப் போவார்கள். தலையைத் திருப்பிப் பதில் சொல்லக்கூட விடமாட்டீர்கள். நீங்கள் கைப்பிடியில் கைவைத்துவிட்டால் பத்தடிக்குள் யாரும் மூச்சுவிடக் கூடாது. என் செல்போன் ஒருமுறை அடித்ததற்கு, அதைப் பிடுங்கி உங்கள் சோற்றுப் போசிக்குள் போட்டு மூடினீர்களே! தயிர்ச்சோறு, ஞாபகம் இருக்கிறதா? "ஆரம்பிச்சா முடியற வரைக்கும் நிக்கக் கூடாதுங்க. பூச்சி நம்மகிட்டச் சம்பளத்துக்கு இல்லீங்க" என்றீர்கள். அத்தனை மரியாதையாக ஒரு மனிதனின் போனைத் தயிருக்குள் போட உங்களால்தான் முடியும்.

இரங்கல் கூட்டத்தில் உங்களைப் 'பொறுமையின் சிகரம்' என்று ஒருவர் பேசினார். நான் சிரிப்பை அடக்கத் துண்டை வாயில் வைத்துக்கொண்டேன், பக்கத்தில் இருந்தவர்கள் அழுகிறேன் என்று நினைத்து முதுகைத் தடவினார்கள். ஒரு வெட்டுக்கிளி தாவிவிட்டது என்பதற்காக ட்ரைபாடைத் தூக்கி வாய்க்காலில் எறிந்த சிகரம். அதை இடுப்பளவு தண்ணீரில் இறங்கி எடுத்துவந்தவன் நான். கழுத்தளவு என்றுதான் மற்றவர்களுக்குச் சொல்லியிருக்கிறேன்.

சரி, எறும்புக்கு வருகிறேன். வராமல் தீராது.

உங்களால் முடிந்தது என்னால் முடியாதா என்று ஒரு கட்டெறும்பை நானும் எடுத்தேன். அறுபது படம். எறும்பு ஒரு காலை நடுவில் அசைத்துவிட்டது. சேர்த்துப் பார்த்தால் அந்தக் கால் இரண்டாகத் தெரிந்தது, ஒன்று அசல், மற்றது அதன் ஆவி. கல்யாண ஆல்பத்தில் ஒரே ஆள் இரண்டு இடத்தில் வந்துவிட்டால் ஒருவரை அழிப்போம் இல்லையா, அதே மாதிரி அழித்தேன். ஆவியை அழிக்கும்போது பக்கத்தில் இருந்த அசலும் சேர்ந்து போய்விட்டது. எனக்குத் தெரியவில்லை. முகத்தைப் பார்த்துப் பழகியவன் நான், காலை எண்ணிப் பழகியவன் அல்ல. எந்த மணப்பெண்ணுக்கு நான் கால் எண்ணினேன்?

சங்கத்தில் அதற்கு முதல் பரிசு கொடுத்தார்கள். அந்த நடுவர்களைப் பற்றி இனிப் பேசி என்ன, எறும்பையே அன்றைக்குத்தான் பார்த்தவர்கள். சால்வை தோளில் விழுந்து சூடுகூட ஏறவில்லை, கடைசி வரிசையிலிருந்து நீங்கள் எழுந்தீர்கள்.

"ஏனுங்க, ஒரு சந்தேகமுங்க. இந்த எறும்புக்கு அஞ்சு காலுங்களா?"

நான் சும்மா இருந்திருக்கலாம். "ஒரு காலை மடிச்சு வெச்சிருக்குதுங்க," என்றேன்.

"மடிச்சு வெச்சுக்கறதுக்கு அதென்னங்க, கொக்கா?"

அரங்கம் சிரித்த சிரிப்பில் மின்விசிறிச் சத்தம் கேட்கவில்லை. பத்து வருடமாக உங்களோடு விடியலில் புல்லுக்குள் கிடந்தவன் நான். வெளியே டீக்கடையில் காதோடு சொல்லியிருக்கலாம். மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்கை அளந்து பார்க்கிற லேத்துக்காரருக்கு, ஒரு மனிதனை எந்த இடத்தில் எவ்வளவு அறுக்கலாம் என்ற அளவு தெரியவில்லை. அன்றோடு பேச்சை நிறுத்தினேன். ஒன்றரை வருடம். நீங்களும் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தால் நான் எடுத்திருக்க மாட்டேன், அது வேறு விஷயம்.

அப்புறம் இந்த மார்கழியில் ஒரு சிலந்தி எனக்கு மாட்டியது. நூற்று இருபது படம், ஒரு மயிர்கூட மங்கவில்லை. யாரிடம் காட்டுவது? சங்கத்துக்காரர்களிடம் காட்டினால் "சூப்பருங்க" என்பார்கள், சமோசாவைப் பார்த்தாலும் அதைத்தான் சொல்வார்கள். காலையில் எழுந்ததும் உங்களைத்தான் கூப்பிட்டேன்.

"சிலந்தி எடுத்திருக்கேனுங்க. எட்டுக் காலும் இருக்குது. வேணும்னா வந்து எண்ணிக்கங்க."

"ம். சொல்லுங்க."

"வேலையா இருக்கீங்களா?"

"இல்லீங்க, சும்மாதானுங்க இருக்கறேன்."

நான் பேசினேன். சிலந்தியைப் பற்றி, ஒன்றரை வருடத்தில் நான் எடுத்த மற்றதெல்லாம் பற்றி, எடுக்காததைப் பற்றியும் கொஞ்சம். நீங்கள் சுரத்தே இல்லாமல், கிசுகிசுவென்று "ம்", "ம்" என்றீர்கள். ஏதோ பேங்குக்காரன் கடன் வேண்டுமா என்று கேட்க வந்த மாதிரி. கடைசியில், "நல்லதுங்க. ஒரு நாளைக்கு வாரேனுங்க, எண்ணிப்போடலாம்," என்றீர்கள். போனை வைத்ததும் சம்சாரத்திடம் சொன்னேன்: "இந்த ஆளுக்குத் திமிரு இன்னும் அடங்கலை பாத்துக்க. நானா கூப்பிட்டும் வாயைத் தொறந்து பேசமாட்டேங்கறாரு."

வரவில்லை. பத்தாம் நாள் உங்கள் மகள் கூப்பிட்டாள். நெஞ்சு வலி என்றாள், ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே என்றாள். மயானத்தில் நின்றபோதும் எனக்கு அந்த "ம்" தான் காதில் இருந்தது. கடைசியாகப் பேசினபோதும் என்னை ஒரு பொருட்டாக மதிக்காமல் போய்விட்டீர்களே என்ற எரிச்சல். உங்களுக்கு வாய்க்கரிசி போட்ட கையில் அழுகையைவிட அதுதான் அதிகம் இருந்தது. மறைப்பானேன்?

இப்படிப்பட்ட மனநிலையில்தான் உங்கள் தட்டானைக் கம்ப்யூட்டரில் திறந்தேன். உள்ளுக்குள் ஒரே குஷி. உங்கள் படத்தில் தப்பு! எங்கே சறுக்கினீர்கள் என்று கண்டுபிடித்து, அதைக் கண்காட்சியிலேயே கடைசி வரிசையில் எழுந்து நின்று கேட்கவேண்டும் என்று ஓர் எண்ணம். ஆள் செத்துப்போய்விட்டாரே என்று தோன்றியது, செத்தால் தப்பு சரியாகிவிடுமா என்றும் தோன்றியது.

தொண்ணூறையும் வரிசையாகப் பார்த்தேன். முதலில் தட்டானின் முகம், கண், கண்ணுக்குப் பின்னால் தலை. எல்லாவற்றிலும் பனித்துளி, ஒவ்வொரு துளிக்குள்ளும் வாய்க்கால் தலைகீழாகத் தெரிகிறது. நாற்பத்தொன்றாவது படம்வரை அப்படி. நாற்பத்திரண்டிலிருந்து கழுத்தும் நெஞ்சும் இறக்கையும் வருகின்றன, ஆனால் அதில் ஒரு சொட்டுப் பனி இல்லை. வெயில் ஏறிவிட்டிருக்கிறது. தட்டான் உடம்பை ஒரு நூல் திருப்பியும் இருக்கிறது. தலை ஒரு வேளையில், உடம்பு வேறொரு வேளையில். பிறகு கழுத்து எப்படிச் சேரும்?

ஒவ்வொரு படத்துக்கும் எடுத்த நேரம் அதிலேயே பதிந்திருக்கும். பார்த்தேன். இருபது நொடிக்கு ஒன்று, இருபது நொடிக்கு ஒன்று, மணி அடித்தமாதிரி. நாற்பத்தொன்றுக்கும் நாற்பத்திரண்டுக்கும் நடுவில் மட்டும் பதினொரு நிமிடம்.

நின்றிருக்கிறீர்கள். ஆரம்பித்தால் நிற்கக்கூடாது என்ற மனிதர் பதினொரு நிமிடம் நின்றிருக்கிறீர்கள். தேதியைப் பார்த்தேன். என் செல்போனை எடுத்து, பழைய அழைப்புகளைத் தள்ளித் தள்ளிக் கீழே போனேன். அதே நாள். காலை ஏழு மணி நாலு நிமிடம், நாற்பத்தொன்றாவது படத்தில் பதிந்திருந்த அதே நிமிடம். பேசியது பத்து நிமிடமும் சில்லறையும்.

நீங்கள் குப்புறப் படுத்துக்கொண்டு, ஒரு கை கைப்பிடியில், ஒரு கையில் போன், தட்டான் பறந்துவிடக் கூடாதே என்று கிசுகிசுத்திருக்கிறீர்கள். கண்முன்னால் பனி ஒவ்வொரு சொட்டாகக் காய்ந்துபோவதைப் பார்த்துக்கொண்டே "சும்மாதானுங்க இருக்கறேன்" என்றிருக்கிறீர்கள். நான் சிலந்திக் காலை எண்ணிக்கொண்டிருந்தேன்.

முட்டாள் மனிதரே, ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போனை வைத்திருப்பேனே. வைத்திருப்பேன், அப்புறம் இன்னொரு ஒன்றரை வருடம் கூப்பிட்டிருக்க மாட்டேன். அது உங்களுக்குத் தெரிந்திருக்கிறது.

செயலாளர் இரண்டு நாளில் நேரிலேயே வந்துவிட்டார். "முடிஞ்சுதுங்களா? அந்தக் கழுத்தை மட்டும் கொஞ்சம் தொட்டு, ஒடம்புமேல நாலு பனித்துளி போட்டு விட்டுருங்க. யாருக்குங்க தெரியப்போகுது?"

"தெரியுமுங்க," என்றேன். "இப்படியே மாட்டறதா இருந்தா மாட்டுங்க. இல்லீன்னா படம் எங்க ஊட்டுச் சுவத்துல தொங்கட்டும்."

"அவர் பேரு கெட்டுப் போயிருமுங்க."

"உங்க சங்கத்துல கெட்டுப்போறதுக்கு என்னங்க பேரு இருக்குது?"

உங்கள் மகளிடம் மட்டும் போனையும் படங்களின் நேரத்தையும் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். விரலை வைத்து இரண்டு நேரத்தையும் ஒத்துப் பார்த்தாள். "அப்படியே இருக்கட்டுங்க மாமா," என்றாள்.

நடுவில்தான் மாட்டினார்கள், ஆளுயரத்துக்கு. நான் அன்று முழுக்க அதற்குப் பக்கத்திலேயே நின்றேன். கழுத்தில் ஒன்றரை லட்ச ரூபாய்க் கேமராவைத் தொங்கவிட்டிருந்த ஒருவர், முருங்கைக்காய் முற்றலா என்று பார்க்கிற மாதிரி குனிந்து பார்த்துவிட்டு, "இங்க ஃபோகஸ் போயிருச்சுங்களே," என்றார்.

"போகலீங்க," என்றேன். "அந்த எடத்துல அவர் என்கூடப் பேசிட்டு இருந்தாருங்க."

அவருக்கு விளங்கவில்லை. விளங்குகிற முகமும் இல்லை.

உங்களால் எனக்கு ஒரு கெட்ட பழக்கம் ஒட்டிக்கொண்டுவிட்டது, லேத்துக்காரரே. உங்கள் தள்ளுவண்டியை வைத்து இப்போது நான்தான் விடியலில் படுத்துக்கிடக்கிறேன். நடுவில் யார் கூப்பிட்டாலும் எடுத்துவிடுகிறேன், எடுத்தால் வாய் தானாக "சும்மாதானுங்க இருக்கறேன், சொல்லுங்க" என்கிறது. நேற்று காலை ஒரு கும்பிடுபூச்சி, அப்படி ஒரு பச்சை, எழுபதாவது படத்தில் இருந்தேன். போன் வந்தது. எடுத்தேன். பேசி முடிப்பதற்குள் பூச்சி பறந்துபோய்விட்டது. கூப்பிட்டது யார் தெரியுமா? நம் செயலாளர். அந்த ஆளுக்காகப் போய் ஒரு கும்பிடுபூச்சியை விட்டேனே என்று நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.